டிமெட்ரியஸ் ஜான்சனின் சண்டைகளைப் பார்ப்பது எப்படி: தோல்வியிலிருந்து தொடங்குங்கள்

டிமெட்ரியஸ் ஜான்சன் என்று யூடியூபில் தேடினால் முதலில் வருவது, எதிராளியை இடுப்போடு தூக்கி எறியும்போதே அந்தரத்தில் கையைப் பிடித்து மடக்கும் 10 நொடிக் காட்சி. எல்லோரும் அதைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த 10 நொடிக்கு முன்னால் அதே சண்டையில் 23 நிமிடம் ஓடியிருக்கிறது. ஜான்சன் யார் என்பது அந்த 23 நிமிடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்க எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக் கலை) வீரர்களில் துண்டு வீடியோவால் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர் இவராகத்தான் இருப்பார்.

இந்த வழிகாட்டி அவருடைய சண்டைகளை எந்த வரிசையில் பார்ப்பது, பார்க்கும்போது கண்ணை எங்கே வைப்பது, எதைக் குறித்துக்கொள்வது என்பதைச் சொல்கிறது. எம்.எம்.ஏ. பற்றி ஓரளவு தெரிந்தால் போதும்.

எத்தனை சண்டை, எவ்வளவு நேரம்

ஜான்சன் 1986-இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்து வாஷிங்டன் மாநிலத்தில் வளர்ந்தவர். கிர்க்லாண்டில் மாட் ஹியூமிடம் பயிற்சி பெற்றார். உயரம் 160 சென்டிமீட்டர். 2010-இல் டபிள்யூ.இ.சி. அமைப்பில் நுழைந்து, அடுத்த ஆண்டு யு.எஃப்.சி.க்கு வந்து, 2018 இறுதியில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப்புக்குப் போனார். 2024 செப்டம்பரில் டென்வரில் ஓய்வை அறிவித்தார்.

இணையத்தில் உள்ள பட்டியல்களில் அவருடைய மொத்த வெற்றிக் கணக்கு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தொடக்க காலத்தில் உள்ளூரில் ஆடிய சிறு போட்டிகளை எண்ணும் முறையில்தான் சிக்கல். அதில் தலையைக் கொடுக்க வேண்டாம். மேலே சொன்ன மூன்று அமைப்புகளில் ஆடியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: டபிள்யூ.இ.சி.யில் 2 வெற்றி 1 தோல்வி, யு.எஃப்.சி.யில் 15 வெற்றி, 2 தோல்வி, 1 சமன். ஒன்னில் 5 வெற்றி 1 தோல்வி. மொத்தம் 27. இடைவேளையைக் கழித்துவிட்டால் 8 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு வாரத்தில் தாராளமாக முடித்துவிடலாம், ஆனால் 27-ஐயும் பார்க்க வேண்டியதில்லை. கீழே சொல்வது 13 சண்டைகளும் விசேஷ விதியில் நடந்த ஒரு மோதலும்.

இன்னொன்று. முடிவுப் பட்டியலில் "5ஆம் ரவுண்டு, 3:15" என்று இருந்தால், ரவுண்டு தொடங்கி 3 நிமிடம் 15 நொடியில் முடிந்தது என்று பொருள். யு.எஃப்.சி. திரையில் ஓடும் கடிகாரம் 5:00-லிருந்து கீழே இறங்குவது. ஆகவே அந்தக் காட்சியைத் தேடும்போது திரையில் 1:45 என்ற இடத்துக்குப் போக வேண்டும். 3:15-இல் தேடிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லையே" என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

தாளும் பேனாவும்

ஒரு ரவுண்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். நான்கு நெடுவரிசை போதும்: நேரம், எந்த நிலை, யார் மாற்றினார், மாற்றியபின் முதல் அடி யாருடையது. நிலை என்பது நான்கே வகை. விலகி நின்று அடிப்பது, கட்டிப்பிடித்து நிற்பது (கிளிஞ்ச்), கூண்டுச் சுவரில் சாய்த்து வைத்திருப்பது, தரை. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி எழுதுங்கள். குத்துகளை எண்ண வேண்டாம். அதை எண்ணிச் சொல்ல இணையத்தில் ஆள் இருக்கிறது.

ஏன் இந்தக் கணக்கு என்றால், ஜான்சனின் வித்தை முழுக்க மாறும் இடத்தில்தான் இருக்கிறது. அவரைவிட ஓங்கிக் குத்துகிறவர்கள் அந்த எடைப் பிரிவில் இருந்தார்கள். அவரைவிடச் சிறந்த மல்யுத்த வீரர் ஒருவர் ஒலிம்பிக் தங்கமே வைத்திருந்தார். குத்து முடிந்து பிடி தொடங்கும் அந்த அரை நொடியில் மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். இவர் வாங்க மாட்டார். குத்துக்குப் போன கை திரும்பி வராமல் அப்படியே எதிராளியின் பிடரியில் விழும், பிடரியில் விழுந்ததும் முழங்கால் ஏறும், முழங்காலைத் தடுக்கக் கை இறங்கினால் இடுப்பைச் சுற்றிப் பிடி விழும். நான்காம் நெடுவரிசையில் ஜான்சன் பெயர் தொடர்ந்து வருவதைக் கண்டால் சரியாகப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

கண்ணை எதிராளியின் இடுப்பில் வையுங்கள். முஷ்டியைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஜான்சன் அடிக்கும் நடுவிலேயே இடக்கால் முன், வலக்கால் முன் என்று நிலையை மாற்றிக்கொள்கிறவர். முஷ்டியைத் துரத்தினால் கால் மாறியதே தெரியாது. முதல் தடவை சாதாரண வேகத்தில், வர்ணனையை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் கத்தும் பக்கமே நம் மனமும் சாயும். இரண்டாம் தடவை ஒலியோடு, ரவுண்டு இடைவேளைகளையும் விடாமல். மாட் ஹியூம் மூலையில் அமர்ந்து சொல்வதைக் கேட்டுவிட்டு அடுத்த ரவுண்டின் முதல் நிமிடத்தைப் பாருங்கள்.

முதல் நாள்: இரண்டு தோல்விகள்

பிராட் பிக்கெட், 2010 ஏப்ரல். டொமினிக் குரூஸ், 2011 அக்டோபர், வாஷிங்டன் டி.சி., பட்டத்துக்கான 5 ரவுண்டு. இரண்டும் 61.2 கிலோ பிரிவில் நடந்தவை. அப்போது 56.7 கிலோ பிரிவு அங்கே கிடையாது. சிறிய உடம்போடு பெரியவர்களுடன் ஆடினார். குரூஸ் சண்டைக் காலம்வரை முழுநேர வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டிலும் ஒரே நோய்தான். ஜான்சன் வேகமாக உள்ளே போவார், அடிப்பார், அதே கோட்டில் பின்வாங்குவார். பின்வாங்கும்போது காலைப் பிடித்துத் தரையில் கிடத்திவிடுவார்கள். எத்தனை முறை டேக்டவுன் ஆனார் என்று எண்ணாமல், எழுந்து நிற்க எத்தனை நொடி ஆயிற்று என்று எழுதுங்கள். எழுந்துவிடுவார், அதில் குறையில்லை. ஆனால் எழும்போது அவர் கை காலியாக இருக்கும், எதையும் பிடித்திருக்காது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டும்.

இந்த இரண்டையும் தாண்டி நேராகப் பட்டக் காலத்துக்குப் போகிறவர்களுக்கு ஜான்சன் சலிப்பாகத் தெரிவார். "எல்லாச் சண்டையும் சுலபமாக ஜெயிக்கிறார், இதில் என்ன இருக்கிறது" என்பார்கள். எந்த ஓட்டையை அடைத்தார் என்று தெரியாமல் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் நாள்: மெக்கால், பெனவிடெஸ், டாட்சன்

2012-இல் யு.எஃப்.சி. 56.7 கிலோ பிரிவைத் தொடங்கியது. நான்கு பேர் மோதி முதல் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு. மார்ச் மாதம் சிட்னியில் இயன் மெக்காலுடன் ஜான்சனின் சண்டை. ஜான்சன் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு ஒரு ஜட்ஜின் தாளில் கூட்டல் தவறு என்று தெரிந்து சமன் ஆனது. சமன் ஆனால் கூடுதலாக ஒரு ரவுண்டு ஆட வேண்டும் என்பது முன்பே பேசியிருந்த விதி. தவறு தெரிவதற்குள் இருவரும் கூண்டைவிட்டு இறங்கிவிட்டார்கள். ஜூன் மாதம் மறுபடி மோதி ஜான்சன் வென்றார்.

நீங்களே மதிப்பெண் போட்டுப் பழக முதல் மெக்கால் சண்டைதான் சரியான பாடம். ரவுண்டில் மேலோங்கியவருக்கு 10, மற்றவருக்கு 9. ஒருவர் மற்றவரை அடித்துத் துவைத்திருந்தால் 10-8. முதலில் எடைபோட வேண்டியது அடியும் பிடியும் எவ்வளவு பாதித்தன என்பது. அதில் இருவரும் சமம் என்றால்தான் முன்னேறி ஆடியது, களத்தை ஆண்டது எல்லாம். மணி அடித்த 30 நொடிக்குள் எண்ணை எழுதிவிடுங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த ரவுண்டு முந்தைய ரவுண்டின் நினைவைத் தின்றுவிடும். அந்தச் சண்டையின் 3ஆம் ரவுண்டில் மெக்கால் மேலே ஏறி அடித்தது 10-9-ஆ, 10-8-ஆ என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்களோ, அதைப் பொறுத்து உங்கள் தாளில் வெற்றி, சமன், தோல்வி எதுவும் வரலாம்.

செப்டம்பர் 22, டொராண்டோ. ஜோசப் பெனவிடெஸை 2-1 என்ற பிளவுபட்ட தீர்ப்பில் வென்று முதல் சாம்பியன் ஆனார். 4ஆம் ரவுண்டை இரண்டு முறை பாருங்கள். பெனவிடெஸ் ஒரே குத்தில் ஜான்சனைக் கீழே விழவைத்து உடனே கழுத்தை இறுக்குகிறார். ஜான்சன் தப்பிக்கும் விதத்தைப் பிக்கெட் சண்டையோடு வைத்துப் பாருங்கள். இப்போது எழும்போது கை காலியாக இல்லை.

2013 ஜனவரியில் சிகாகோவில் ஜான் டாட்சன். இவர் வேகத்தில் ஜான்சனுக்கு நிகர், குத்தில் அவரைவிடக் கனம். 2ஆம் ரவுண்டில் ஜான்சன் விழுந்தார். அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் அவருடைய சாம்பியன் காலத்தின் சூத்திரமே இருக்கிறது: விலகி நின்று குத்துப் போட்டி போடுவதை நிறுத்திவிட்டு டாட்சனின் பிடரியைப் பிடித்து முழங்காலால் அடித்து அடித்து மூச்சை இறக்கினார். உங்கள் தாளில் கிளிஞ்ச் வரிகள் ரவுண்டுக்கு ரவுண்டு கூடுவது தெரியும். முழங்கால் வயிற்றில் விழும் அடி திரையில் பெரிதாகத் தெரியாது. பத்து நிமிடம் கழித்து எதிராளியின் கால் நகர மறுக்கும்போதுதான் அதன் விலை புரியும்.

மூன்றாம் நாள்: முடித்துவைத்த சண்டைகள்

11 முறை பட்டத்தைத் தக்கவைத்தார். அதில் 7 நேரம் முடியும் முன்பே முடிந்தவை. நான்கைப் பார்த்தால் போதும்.

பெனவிடெஸ் மறுபோட்டி, 2013 டிசம்பர்: ஒரே வலக்கைக் குத்து, 2:08. ஹென்றி செஹூடோ, 2016 ஏப்ரல், 2:49. செஹூடோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். அவரைக் கிளிஞ்சுக்குள் இழுப்பது பைத்தியக்காரத்தனம் என்றே தோன்றும். ஆனால் மல்யுத்தத்தில் முழங்கால் அடி கிடையாது. ஜான்சன் அவரைப் பிடித்து நிறுத்தி விலாவில் முழங்காலை ஏற்றியதும் ஒலிம்பிக் வீரர் மடிந்துபோனார். இரண்டும் சேர்த்து ஐந்து நிமிடம்தான். அதனால் இவற்றைக் கால்வாசி வேகத்தில் பாருங்கள்.

கியோஜி ஹோரிகுச்சி, 2015 ஏப்ரல், மான்ட்ரியால். 5ஆம் ரவுண்டு, 4:59. ஒரே நொடி பாக்கி இருக்கும்போது ஆர்ம்பாரில் (முழங்கையை எதிர்ப்புறமாக வளைக்கும் பிடி) பணியவைத்தார். மதிப்பெண்ணில் முன்னே இருந்தவர் ஜான்சன்தான், சும்மா படுத்திருந்தாலே பட்டம் வீட்டுக்கு வந்திருக்கும். கடைசி ஒரு நிமிடத்தில் அவர் எத்தனை நிலை மாற்றுகிறார் என்று எழுதிப் பாருங்கள்.

அடுத்தது ரே போர்க், 2017 அக்டோபர் 7, லாஸ் வேகாஸ். 11ஆவது தக்கவைப்பு, ஆண்டர்சன் சில்வாவின் 10 என்ற சாதனையைத் தாண்டியது இதில்தான். தொடக்கத்தில் சொன்ன அந்த 10 நொடி வருவது இங்கே. நேராக அதற்குப் போகாதீர்கள். நான்கு ரவுண்டையும் பார்த்துவிட்டு, போர்க்கின் கைகள் எவ்வளவு களைத்திருக்கின்றன என்று தெரிந்தபின் 5ஆம் ரவுண்டுக்கு வாருங்கள். திரைக் கடிகாரம் 2:00-ஐ நெருங்கும்போது வேகத்தைக் கால்பங்காக்குங்கள்.

ஜான்சன் போர்க்கின் பின்னால் நிற்கிறார், இரண்டு கையும் இடுப்பைச் சுற்றி. போர்க்கின் கவனம் முழுக்க இடுப்பிலுள்ள பிடியைப் பிரிப்பதில். அதற்காகக் கை கீழே வருகிறது. ஜான்சன் தூக்குகிறார். சாதாரணமாகத் தூக்கி எறிகிறவர் தரை தொடும்வரை இடுப்புப் பிடியை விடமாட்டார். இவர் போர்க் அந்தரத்தில் இருக்கும்போதே இடுப்பை விட்டுக் கையைப் பிடிக்கிறார். காற்றில் இருக்கிறவனுக்கு ஊன்றிக்கொள்ள எதுவும் இல்லை, கையை இழுத்துக்கொள்ளப் பலம் பிறக்காது. தரையில் விழும்போது ஜான்சனின் கால் ஏற்கெனவே போர்க்கின் முகத்துக்குக் குறுக்கே வந்துகொண்டிருக்கிறது. மீதி எல்லாம் சாதாரண ஆர்ம்பார்.

இதைச் சர்க்கஸ் என்று சிலர் சொல்வதுண்டு. உங்கள் தாளில் இது எப்படி விழுகிறது பாருங்கள்: நிற்பதிலிருந்து தரைக்கு, மாற்றியவர் ஜான்சன், முதல் செயல் ஜான்சன். டாட்சன் சண்டையில் எழுதிய அதே வரிதான். பிடி மட்டும்தான் பெரியது.

ஒரு எச்சரிக்கை. பயிற்சிக் கூடத்தில் இதைச் செய்துபார்க்க ஆசை வரும். தூக்கி எறியப்படுகிறவரின் கழுத்தும் முழங்கையும் ஒரே நேரத்தில் மாட்டும் வித்தை இது. தோழர் பணிவதற்கு நேரமே இருக்காது. தூக்குவதை விட்டுவிடுங்கள். இடுப்புப் பிடியை எதிராளி பிரிக்க வரும் கணத்தில் பிடியை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடிப்பதை நின்றபடியே, கால்வாசி வேகத்தில், பயிற்சியாளர் கண்முன் செய்யலாம். அதுவே அதன் சாரம்.

செஹூடோ மறுபோட்டி: தீர்ப்பை நீங்களே எழுதுங்கள்

2018 ஆகஸ்ட் 4, லாஸ் ஏஞ்சலஸ். பிளவுபட்ட தீர்ப்பில் செஹூடோ வென்றார். மூன்று ஜட்ஜும் 48-47 என்றே எழுதினார்கள், இருவர் செஹூடோவுக்கு, ஒருவர் ஜான்சனுக்கு. முடிவு தெரிந்தபின் பார்க்கிறீர்கள் என்பதால் மனம் ஏற்கெனவே சாய்ந்திருக்கும். அதற்கு ஒரு வழி உண்டு: ரவுண்டுகளை வரிசை மாற்றிப் பாருங்கள், 4, 2, 5, 1, 3 என்று. ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட்டுவிட்டுக் கடைசியில் கூட்டுங்கள், மெக்கால் கதை ஆகாமல்.

எல்லோரும் இடறுவது டேக்டவுனில். கீழே தள்ளியதுமே ரவுண்டு அவருக்கு என்று எழுதிவிடுகிறார்கள். தள்ளியபின் என்ன செய்தார் என்பதுதான் கேள்வி. ஆனால் நிற்கும்போது ஜான்சனின் உதையும் குத்தும் ரவுண்டைத் தெளிவாகத் தூக்கிக் கொடுக்காத இடங்களில், டேக்டவுன் தராசைச் சாய்த்தது. முதல் சண்டையில் செஹூடோவைச் சாய்த்த கிளிஞ்ச் முழங்கால் இங்கே எவ்வளவு குறைவு என்பது உங்கள் தாளிலேயே தெரியும். செஹூடோ நின்ற தூரம் மாறியிருந்தது.

பிக்கெட், குரூஸ், செஹூடோ: மூன்று தீர்ப்புத் தோல்வியிலும் டேக்டவுன்தான் கதை. வேறு யாரும் மதிப்பெண்ணில் அவரை வென்றதில்லை.

கடைசி நாள்: விதி மாறுகிறது, நீங்களும் மாற்றுங்கள்

2018 அக்டோபரில் பென் ஆஸ்க்ரன் யு.எஃப்.சி.க்கு, ஜான்சன் ஒன்னுக்கு என்று இரு அமைப்புகளும் வீரர்களைப் பரிமாறிக்கொண்டன. இங்கே உங்கள் ரவுண்டு மதிப்பெண் தாளைத் தூக்கி வையுங்கள். ஒன்னில் ஜட்ஜுகள் ரவுண்டு ரவுண்டாக எண்ணுவதில்லை, முழுச் சண்டையையும் சேர்த்து எடைபோடுவார்கள். 2019-இல் அவர் வென்ற மூன்று போட்டித் தொடரை நேரமிருந்தால் பார்க்கலாம். ஒன் வீரர் அட்ரியானோ மொராயெஸுடன் ஆடிய மூன்று சண்டையையும் விடக்கூடாது.

முதலாவது, 2021 ஏப்ரல், சிங்கப்பூர். ஜான்சன் அடித்து நிறுத்தப்பட்ட ஒரே சண்டை. குத்துப்பட்டு விழுந்தவரின் தலையில் மொராயெஸின் முழங்கால் இறங்கியது. யு.எஃப்.சி. விதியில் அது குற்றம், ஒன்னில் செல்லும். அப்போதைய அமெரிக்க விதியில் பழகிய உடம்பு தரையில் கை ஊன்றியதும் பாதுகாப்பாக உணரும். அங்கே அப்படி உணர இடமில்லை. ஜான்சன் தரையில் கிடக்கும் அந்த நொடியில் கைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

இரண்டாவது, 2022 ஆகஸ்ட், அதே சிங்கப்பூர் அரங்கம். 4ஆம் ரவுண்டு, 3:50. வலக்கைக் குத்து பட்டு மொராயெஸ் பின்னால் தடுமாறுகிறார். ஜான்சன் துரத்திக்கொண்டே எகிறி முழங்காலை ஏற்றுகிறார். 36 வயது அப்போது. குத்துக்கும் எகிறலுக்கும் நடுவே எத்தனை அடி எடுத்துவைத்தார் என்று எண்ணுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் 2022 மார்ச் 26-இல் முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) வீரர் ரோட்டாங்குடன் ஒரு விசேஷ மோதல். 3 நிமிட ரவுண்டுகள் நான்கு, ஒன்று முவாய் தாய் விதியில், அடுத்தது எம்.எம்.ஏ. விதியில், மாறி மாறி. எம்.எம்.ஏ. கணக்கில் இது சேராது. முதல் 3 நிமிடம் ரோட்டாங்கின் ராஜ்ஜியம். ஜான்சன் அடி வாங்கித் தாங்கினார். எம்.எம்.ஏ. ரவுண்டு வந்ததும் பின்னாலிருந்து கழுத்தை இறுக்கி 2:13-இல் முடித்துவிட்டார். நிலை மாற்றத்துக்குத் தடை போட்டால் ஜான்சனிடம் எவ்வளவு மிச்சம் என்று தெரிய முதல் ரவுண்டு, தடையை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிய இரண்டாவது. இதைவிடச் சுத்தமான சோதனை கிடைக்காது.

மூன்றாவது மொராயெஸ் சண்டை 2023 மே 5, கொலராடோவில். 5 ரவுண்டும் ஓடித் தீர்ப்பில் ஜான்சன் வென்றார். அதுவே கடைசிச் சண்டை. முதல் நாள் எழுதிய பிக்கெட் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தரையிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் ஜான்சனின் கை எதைப் பிடித்திருக்கிறது என்று அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.